வயதுவந்தோரின் உடற்கொழுப்பை அளவிடும் முறைகள்: பூதலூர் ஊரகச் சூழலை முன்வைத்து ஓர் ஒப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

ஒரே எடையுள்ள இருவரின் உடலில் கொழுப்பும் தசையும் ஒரே அளவில் இருப்பதில்லை. அவ்வேறுபாட்டை அறியும் முறைகளையும் அவற்றின் அடிப்படை எடுகோள்களையும் ஒப்பிட்டு, நெல் வேளாண்மை சார்ந்த பூதலூர் போன்ற ஊர்களுக்கு ஏற்றவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உடற்கொழுப்பு, உடல் நிறை குறியீட்டெண், தோல்மடிப்பு, மின்தடை, டெக்சா, பூதலூர்

முன்னுரை

எடையை உயரத்தின் இருபடியால் வகுத்துப் பெறும் எண்ணுக்கு 1972இல் ஆன்சல் கீஸ் குழுவினர் உடல் நிறை குறியீட்டெண் எனப் பெயரிட்டனர். எளிய அளவீடாயினும் இது கொழுப்பையும் தசையையும் பிரித்தறியாது. 2004இல் லான்செட் இதழில் புணே மருத்துவர் யாஜ்னிக், இலண்டன் மருத்துவர் யுட்கின் ஆகியோர் தம் உடல்களையே சான்றாக்கினர். இருவரின் குறியீட்டெண்ணும் 22.3, கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. மெலிந்த தோற்றத்தில் மறைந்திருக்கும் இக்கொழுப்பு நீரிழிவு இடரோடு தொடர்புடையது என்பதால் அளவீட்டு முறைத் தேர்வு முதன்மை பெறுகிறது.

அளவீட்டு முறைகள்

நீரில் மூழ்கச்செய்து எடையிடும் முறை உடலின் அடர்த்தியைத் தருகிறது. கொழுப்பின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 0.9 கிராம், கொழுப்பற்ற பகுதியின் அடர்த்தி 1.1 கிராம் என்னும் எடுகோளில் கொழுப்பின் விழுக்காடு கணிக்கப்படுகிறது. எலும்பின் அடர்த்தி மாறுபடின் கணிப்பும் பிழைபடும்.

தோல்மடிப்பு முறையில் மேற்கையின் முன்புறம், பின்புறம், தோள்பட்டை எலும்பின் கீழ்ப்பகுதி, இடுப்பெலும்பின் மேற்பகுதி ஆகிய நான்கு இடங்களில் மடிப்பின் தடிப்பு காலிப்பரால் அளக்கப்படும். பரவலாகப் பயன்படும் டர்னின், வோமர்ஸ்லி சமன்பாடுகள் (1974) கிளாஸ்கோ நகரில் 481 பேரை அளந்து உருவானவை. தோலுக்கடியிலுள்ள கொழுப்பை மட்டுமே இம்முறை நேரடியாக அளப்பதால், வயிற்றினுள் மிகுதியான கொழுப்பு சேர்ந்தோரிடம் குறைமதிப்பீடு நேரலாம்.

மின்தடை முறை, கொழுப்பற்ற திசுவில் ஏறத்தாழ 73 விழுக்காடு நீர் உள்ளது என்பதைச் சார்ந்தது. உடல்நீர் குறைந்தால் மின்தடை கூடும். கருவி கொழுப்பை மிகுத்துக் காட்டும்.

டெக்சா முறை இருவேறு ஆற்றலுடைய எக்ஸ் கதிர்களால் எலும்பு, கொழுப்பு, பிற மென்திசு ஆகியவற்றைப் பகுத்துக் காட்டுகிறது. கதிர்வீச்சு மிகக் குறைவே. ஆயினும் கருவியின் விலை காரணமாகப் பெருமருத்துவமனைகளுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்குமே இது எளிதில் வாய்க்கிறது.

பூதலூர்ச் சூழல்

கல்லணையை அடுத்த இவ்வட்டாரத்தில் நாள் முழுதும் வெயிலில் நடவும் களையெடுப்பும் செய்து திரும்புவோரை மாலையில் மின்தடைக் கருவியில் நிறுத்தினால், வியர்வையால் இழந்த நீர் கொழுப்பாகப் பதிவாகும். காலையில், உணவுக்கும் வயல் வேலைக்கும் முன் அளப்பதே முறை. உழைப்பால் தசை வலுத்தவரையும் கொழுப்பு மிகுந்தவரையும் குறியீட்டெண் ஒரே வகையில் அடக்கிவிடும் என்பதும் கருதத்தக்கது.

வயிற்றுச் சுற்றளவை அளக்க ஒரு நாடா போதும். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை வெளிவிட்டபின் அளக்கவேண்டும். இந்தியருக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. எல்லையாகக் கொள்ளப்படுகிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) இவ்வளவீடும் சேர்க்கப்பட்டது.

முடிவுரை

துல்லியத்தில் டெக்சா முன்னிற்பினும், ஊரகக் கள ஆய்வுக்குக் குறியீட்டெண்ணோடு வயிற்றுச் சுற்றளவையும் இணைத்து அளப்பதே பொருந்தும். பயிற்சி பெற்றோர் உள்ள இடங்களில் தோல்மடிப்பையும் சேர்க்கலாம். ஒரு முறையின் எண்ணை மற்றொரு முறையின் எண்ணோடு ஒப்பிடுதல் பிழை. ஒருவரை ஒரே முறையில், ஒரே வேளையில் தொடர்ந்து அளக்கும்போதே மாற்றம் புலனாகும்.