பிரிங்கி ஆற்றில் ஒரு பகல்

காஷ்மீரின் அனந்த்நாக் மாவட்டத்தில், கோகர்நாக் ஊற்றுகளின் அருகே பிரிங்கி ஆறு பாய்கிறது. பேரரசர் அக்பரின் அமைச்சர் அபுல் ஃபஸ்ல் தம் 'ஆயினே அக்பரி' நூலில் இவ்வூற்று நீரின் செரிமானக் குணத்தைப் போற்றியிருக்கிறார். அந்த ஆற்றங்கரையில் டிரவுட் மீன் பிடிப்பதைக் காணும் வாய்ப்பு, ஒரு கோடைப் பகலில் எமக்குக் கிட்டியது. பஜ்ருத் தொழுகை முடிந்ததும், மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டுடன், வழிகாட்டியான முதியவர் ஒருவரைப் பின்தொடர்ந்தோம்.

கடல் கடந்து வந்த மீன்

டிரவுட் காஷ்மீரின் பூர்வீக மீன் அன்று. 1899ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து பெட்ஃபோர்டு பிரபு அனுப்பிய முட்டைகள் வழியிலேயே அழிந்தன. 1900ஆம் ஆண்டு ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை பிழைத்தன. ஸ்ரீநகரில் கம்பளத் தொழிற்சாலை நடத்திய ஃபிராங்க் மிட்செல் அவற்றைப் பேணி வளர்க்கப் பெரும் பங்காற்றினார். பனியுருகி வரும் குளிர்ந்த நீரும், பாறைகளில் மோதி உயிர்வளி நிறையும் ஓட்டமும் இம்மீனுக்கு உகந்தவையாயின.

எடையற்ற இரை

முதியவரின் தூண்டிலில் புழுவோ மாவோ இல்லை. சிறு கொக்கியில் பறவை இறகையும் நூலையும் சுற்றி, பூச்சிபோல் செய்திருந்தார். இந்தப் பொய்ப் பூச்சிக்கு எடையே கிடையாது. கனமான நூல்தான் அதைச் சுமந்து செல்கிறது. தூண்டிற்கோலைப் பின்னும் முன்னும் வீசி நூலை நீட்டினார். பூச்சி ஒரு பெரும்பாறையின் மேற்புறத்து நீரில் மெல்ல இறங்கியது.

"ஜனாப், மீன் நீரோட்டத்தை எதிர்நோக்கியே நிற்கும். பாறை மறைவில் நின்றபடி, இரை தன்னைத் தேடி வரக் காத்திருக்கும். ஆறு இழுக்கும் போக்கிலேயே பூச்சியும் போகவேண்டும். நாம் நூலை இழுத்தால் மீன் வஞ்சகத்தை அறிந்துகொள்ளும்" என்றார் அவர்.

ளுஹர் வரை ஒன்றும் சிக்கவில்லை. ஆற்றில் உளூச் செய்தபோது விரல்கள் விறைத்தன. ஓடும் ஆற்றின் கரையிலும் நீரை வீணாக்கலாகாது என்னும் நபிமொழி நினைவுக்கு வந்தது.

தொழுகைக்குப் பின் முதல் மீன் கிடைத்தது. உள்ளங்கை நீளமே இருந்தது. முதியவர் முதலில் தம் கையை நனைத்துக்கொண்டார். உலர்ந்த கை பட்டால் மீனின் உடலைக் காக்கும் வழுவழுப்பு உரிந்துவிடுமாம். கொக்கியை நீக்கி, நீரோட்டத்தை நோக்கி அதைப் பிடித்திருந்தார். சற்று நேரத்தில் அது வாலை அசைத்து ஓடி மறைந்தது.

பின்னர் நல்ல அளவில் இரண்டு சிக்கின. அவர் நூலைச் சுற்றத் தொடங்கினார். "அனுமதி இன்னும் இருக்கிறதே!" என்றோம்.

"வீட்டில் உண்பவர் நால்வர். இரண்டு போதும். பிடித்துப் பிடித்து விடுவது சிலருக்கு விளையாட்டு. அதற்கும் வாயில் காயம் உண்டல்லவா?" என்றார்.

எம்மால் மறுமொழி கூற இயலவில்லை. மீனை ஹலாலாக்குவதில் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபினரிடையே கருத்து வேறுபாடு இல்லை. நீர்வாழ் வேட்டைக்குத் திருமறையின் அல்மாயிதா அத்தியாயம் 96ஆம் வசனம் அனுமதியளிக்கிறது. ஆயினும் உயிருள்ள எதையும் குறிப்பொருளாக வைத்து எய்து விளையாடுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். உண்ணும் அனுமதி வேறு, வதைக்கும் உரிமை வேறு என்பதை அம்முதியவர் ஏட்டில் அன்றி ஆற்றில் கற்றிருந்தார்.

வற்றிய நாள்

திரும்பும் வழியில் அவர் குரல் தாழ்ந்தது. 2022 பிப்ரவரியில், வந்தேவல்காம் அருகே ஆற்றுப் படுகையில் ஒரு பள்ளம் திறந்து, ஓடிய நீர் முழுவதையும் விழுங்கிவிட்டது. சுண்ணாம்புப் பாறையின் அடியில் உள்ள வெற்றிடங்களே அதற்குக் காரணம். கீழ்ப்புறம் ஆறு வறண்டு, டிரவுட் மீன்கள் சேற்றில் துடித்து மடிந்தன. பள்ளத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டிய பிறகே நீர் மீண்டும் ஓடியது.

"அது இறைவனின் நாட்டம். ஆனால் இது நம் கைகளின் வேலை" என்று, இயந்திரங்கள் கிளறிச் சென்ற கரையைக் காட்டினார். பழுப்பு டிரவுட் இனத்தின் பெண் மீன் குளிர்காலத் தொடக்கத்தில், வாலால் சரளைக் கற்களைக் குழித்து முட்டையிடுகிறது. கற்களின் இடுக்கில் தெளிந்த நீர் ஓடினால்தான் முட்டை உயிர் பெறும். வீடு கட்ட மணலையும் சரளையையும் அள்ளும்போது அந்தத் தொட்டிலையே நாம் அள்ளிவிடுகிறோம். கலங்கிய சேறு படிந்தால் எஞ்சிய முட்டைகளும் மூச்சற்றுப் போகின்றன.

தூண்டிலுக்கு வரம்பு உண்டு, அனுமதிச் சீட்டும் உண்டு. பேராசைக்கு எது வரம்பு? நம் ஊர் ஆறுகளின் மணலை நினைத்தபோது, இக்கேள்வி காஷ்மீருக்கு மட்டும் உரியதாகத் தோன்றவில்லை.

அன்றிரவு முதியவரின் இல்லத்தில் அந்த இரு மீன்களையும் பகிர்ந்து உண்டோம். அல்ஹம்துலில்லாஹ்! நீரும் அதில் வாழும் உயிர்களும் நமக்கு அருட்கொடை மட்டுமல்ல, அமானிதமும் ஆகும். அமானிதம் பற்றி மறுமையில் விசாரணை உண்டு.