காயம் ஈன்ற நோய்கள்

போர் முடிந்துவிட்டதென நாடுகள் அறிவித்துவிடுகின்றன. போர்முனையில் பட்ட காயமோ அத்தோடு ஓய்ந்துவிடுவதில்லை. இருபது வயதில் அடிபட்ட முழங்கால் நாற்பது வயதில் இடுப்பைத் தாக்குகிறது. ஐம்பதில் முதுகை முடக்குகிறது. வலிக்காக உண்ட மாத்திரை வயிற்றைப் புண்ணாக்குகிறது. உறக்கமில்லா இரவுகள் மனத்தைச் சோர்வில் ஆழ்த்துகின்றன. ஒரே காயத்தின் வழிவந்த இத்தனை நோய்களுக்கும் யார் பொறுப்பு? இக்கேள்விக்கு அமெரிக்கச் சட்டத்தில் தெளிவான விடை உண்டு. அவ்விடையைப் பெறும் வழிதான் பலருக்குத் தெரிவதில்லை.

நான் நம் தமிழ்மொழிக் கழகத்தில் வளர்ந்தவன். இயன்முறை மருத்துவம் பயின்று, தற்போது அமெரிக்காவில் இராணுவத் தளம் ஒன்றை அடுத்த ஊரில் பணியாற்றி வருகிறேன். என்னிடம் சிகிச்சைக்கு வருவோரில் பலர் முன்னாள் படைவீரர்கள். அவர்களுடைய இழப்பீட்டுக் கோப்புகளுக்கு மருத்துவக் குறிப்புகள் எழுதித் தருவதும் என் வேலையில் ஒரு பகுதி. “ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதுங்கள் அண்ணா” என்று கழகத்துத் தம்பி தங்கையர் கேட்டபோது, இதைப்பற்றியே எழுதலாம் என்று தோன்றியது. ஒரு மனிதரின் உரிமை ஒரே ஒரு வாக்கியத்தைச் சார்ந்து நிற்பதை நான் இங்கேதான் கண்கூடாகக் கண்டேன். மொழியை நேசிக்கும் நமக்கு இது முக்கியமான செய்தி அல்லவா?

இரண்டாம் நிலைப் பாதிப்பு என்றால் என்ன?

படைப்பணியின்போது ஏற்பட்ட காயம் அல்லது நோயால் உடற்குறை உண்டானால், அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை மாதந்தோறும் வரியில்லா இழப்பீடு வழங்குகிறது. அக்காயத்தைப் ‘பணி சார்ந்த பாதிப்பு’ என்பர். அந்தப் பாதிப்பின் விளைவாகப் பின்னர் தோன்றும் மற்றொரு நோயே இரண்டாம் நிலைப் பாதிப்பு. கூட்டரசு விதித்தொகுப்பின் 38ஆம் தலைப்பில் 3.310 என்னும் விதி இதற்கு அடிப்படை. முதற்காயத்தால் விளைந்த நோயையும் பணி சார்ந்ததாகவே கருதவேண்டும் என்கிறது அவ்விதி.

இதில் ஒரு நுட்பம் உண்டு. இரண்டாவது நோய் படைப்பணிக் காலத்திலேயே தொடங்கியிருக்க வேண்டியதில்லை. படையைவிட்டு விலகி முப்பது ஆண்டுகள் ஆன பிறகு தோன்றினாலும் கோரலாம். முதற்காயத்தோடு அதற்குத் தொடர்பு இருந்தால் போதும். முதற்காயத்திற்குச் சுழிய விழுக்காடே வழங்கப்பட்டிருந்தாலும் அதுவும் தடையாகாது. பணி சார்ந்தது என்ற ஏற்பே இங்கு முக்கியம்.

சான்றாக, வியட்நாம் போரில் ஏஜென்ட் ஆரஞ்சு என்னும் களைக்கொல்லிக்கு ஆளானவர்களின் இரண்டாம் வகை நீரிழிவை 2001ஆம் ஆண்டு முதல் பணி சார்ந்த நோயாகவே நலத்துறை அனுமானித்து ஏற்கிறது. நீரிழிவு தனியாக வாழும் நோயன்று என்பதை நாம் நம் குடும்பங்களிலேயே கண்டிருக்கிறோம். கால் நரம்புகள் மரத்துப்போகும், சிறுநீரகம் பழுதாகும், பார்வை மங்கும். இவை ஒவ்வொன்றையும் இரண்டாம் நிலைப் பாதிப்பாகக் கோர முடியும்.

மூன்று தூண்கள்

இக்கோரிக்கை மூன்று தூண்களின்மீது நிற்கிறது.

முதலாவது, இப்போது அந்த நோய் இருக்கிறது என்பதற்கு மருத்துவர் தந்த நோயறுதி. “முதுகு வலிக்கிறது” என்று சொன்னால் மட்டும் போதாது. வலி எதனால், முதுகில் என்ன பழுது என்பது பதிவாகியிருப்பது நல்லது.

இரண்டாவது, பணி சார்ந்தது என ஏற்கப்பட்ட முதற்காயம். இன்னும் ஏற்கப்படவில்லையெனில் இரண்டையும் ஒரே வேளையில் கோரலாம்.

மூன்றாவது, இரண்டையும் இணைக்கும் மருத்துவக் கருத்து. இதனை இங்கு ‘நெக்சஸ்’ என்பார்கள். கோரிக்கைகள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த மூன்றாவது தூணில்தான் என்பது என் அனுபவம். முழங்கால் பற்றிய ஆவணம் ஒரு கட்டு இருக்கும். முதுகைப் பற்றிய ஆவணம் இன்னொரு கட்டு இருக்கும். முதுகு கெட்டது முழங்காலால்தான் என்று எந்தத் தாளிலும் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்!

ஒரு சொல்லின் எடை

முழுமையான உறுதியைச் சட்டம் கேட்கவில்லை. தொடர்பு இருப்பதற்கான வாய்ப்பு, இல்லாமலிருப்பதற்கான வாய்ப்புக்குக் குறையாமல் இருந்தால் போதும். அதாவது, பாதிக்குப் பாதி. தராசின் இரு தட்டுகளும் ஏறக்குறையச் சமமாக நின்றால் ஐயத்தின் பலன் படைவீரருக்கே சேரவேண்டும் என்பது சட்டம்.

இவ்வளவு தாராளமான அளவுகோல் இருந்தும் கோரிக்கைகள் ஏன் தோற்கின்றன? சொல்லால் தோற்கின்றன. “உண்டாக்கியிருக்கக்கூடும்” என்று மருத்துவர் எழுதுகிறார். அடக்கத்தின் காரணமாக அப்படி எழுதுவது மருத்துவர்களின் வழக்கம். ஆனால், காரணம் எதுவும் காட்டாமல் எழுதப்பட்ட அத்தகைய சொல் வெறும் ஊகமே என்று முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1999ஆம் ஆண்டு புளூம் வழக்கில் கூறிவிட்டது. 2008ஆம் ஆண்டு நியேவஸ் ரொட்ரிகஸ் வழக்கில் அதே நீதிமன்றம் இன்னொன்றையும் தெளிவுபடுத்தியது. மருத்துவக் கருத்துக்கு மதிப்பைத் தருவது அதில் விளக்கப்பட்டிருக்கும் காரணமே. கோப்பைப் படித்தேன் என்று சொல்வதால் மட்டும் அம்மதிப்பு வந்துவிடாது.

முழங்கால் பழுதுற்ற ஒருவரை எண்ணிப் பாருங்கள். “இவரது முதுகுவலி முழங்காலால் இருக்கலாம்” என்பது ஒரு வாக்கியம். “வலது முழங்கால் முழுமையாக மடங்காததால் இவர் பல ஆண்டுகளாக இடப்பக்கம் சாய்ந்து நடக்கிறார், அச்சாய்வு கீழ்முதுகின் மூட்டுகளில் சமமற்ற சுமையை ஏற்றியுள்ளது, ஆகவே, முதுகுத் தேய்மானம் முழங்கால் பழுதால் விளைந்திருப்பதற்கான வாய்ப்பு, அவ்வாறு இல்லாமைக்கான வாய்ப்புக்குக் குறைந்ததன்று” என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே மனிதரைப் பற்றியவைதாம். முன்னது கோப்பில் உறங்கிவிடும்; பின்னது தராசில் எடையோடு நிற்கும்.

உண்டாக்கியதா? மோசமாக்கியதா?

முதற்காயம் புதிய நோயை உண்டாக்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. வேறு காரணத்தால் வந்த நோயை அது மோசமாக்கியிருந்தாலும் இழப்பீடு உண்டு. 1995ஆம் ஆண்டின் ஆலன் வழக்கு இவ்வழியைத் திறந்தது; 2006ஆம் ஆண்டில் அது விதியிலும் எழுதப்பட்டது. இங்கே நோய் மோசமாவதற்கு முன் எந்நிலையில் இருந்தது என்பதற்கு மருத்துவச் சான்று வேண்டும். பழைய நிலையையும் நோயின் இயல்பான வளர்ச்சியையும் கழித்துவிட்டு, மிகுதிக்கு மட்டுமே இழப்பீடு கணக்கிடப்படும். எனவே, பழைய மருத்துவக் குறிப்புகளைத் தூக்கி எறியாதீர்கள் என்று என்னிடம் வருவோரிடம் நான் எப்போதும் சொல்வதுண்டு. மருத்துவரின் கருத்தும் “உண்டாக்கியதா”, “மோசமாக்கியதா” என்ற இரு வினாக்களுக்கும் தனித்தனியே விடையளிக்க வேண்டும்.

சில தொடர்புகளை விதியே ஏற்றுக்கொண்டுள்ளது. ஒரு காலை முழங்காலிலோ அதற்கு மேலோ பணி சார்ந்த காரணத்தால் இழந்தவருக்குப் பின்னாளில் இதயநோய் வந்தால், அது அவ்விழப்பின் விளைவாகவே கருதப்படும். நடுத்தர அல்லது கடுமையான மூளைக்காயம் பட்டவருக்குப் பார்க்கின்சன் நோய் வந்தாலும், 15 ஆண்டுகளுக்குள் குறிப்பிட்ட வகை மறதிநோய்கள் வந்தாலும், மாறான தெளிவான சான்று இல்லாதவரை அவ்வாறே. மூளைக்காயம் பற்றிய இவ்விதி 2014ஆம் ஆண்டு நடப்புக்கு வந்தது.

விண்ணப்பிக்கும் முறை

முதல் வேலை, ‘கோரவிருக்கிறேன்’ என்ற எண்ணத்தைத் தெரிவிப்பது. 21-0966 என்ற படிவம் இதற்கானது. இதனை அனுப்பியபின் ஓராண்டுக்குள் முழு விண்ணப்பத்தைச் சேர்த்தால், கோரிக்கை ஏற்கப்படும்போது பொதுவாக அந்த முதல் நாளே கணக்கில் கொள்ளப்படும். சான்றுகளைத் திரட்டப் பல மாதங்கள் ஆகுமாதலால், இந்த ஒற்றைத் தாள் பல மாத இழப்பீட்டைக் காத்துத் தரும்.

அடுத்தது 21-526இஇசட் என்னும் விண்ணப்பப் படிவம். இதில் “முதுகுத் தேய்மானம், வலது முழங்கால் பழுதின் இரண்டாம் நிலைப் பாதிப்பு” என்று தொடர்பைத் திட்டவட்டமாக எழுதவேண்டும். வெறுமனே “முதுகு” என்று எழுதினால், படைப்பணியில் முதுகில் அடிபட்டதா என்ற திசையில் ஆய்வு போய்விடும் அபாயமுண்டு.

மனைவி, மக்கள், உடன் பணியாற்றியோர் தம் கண்ணால் கண்டதை எழுதித் தரலாம். நோயின் பெயரை அவர்கள் சொல்ல வேண்டியதில்லை. “மூன்றாண்டுகளாக மாடிப்படி ஏறுவதில்லை, நாற்காலியிலேயே உறங்குகிறார்” என்ற வரிகளுக்கும் சான்றின் மதிப்பு உண்டு.

பின்னர், நலத்துறை தேவை கருதி மருத்துவப் பரிசோதனைக்கு அழைக்கும். அங்கே வீரம் காட்டக்கூடாது! “பரவாயில்லை, சமாளிக்கிறேன்” என்பது படைவீரர்களின் இயல்பான பேச்சு. மருத்துவர் அதை அப்படியே எழுதிவிடுவார். மிகைப்படுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். மோசமான நாள் எப்படி இருக்கும், மாதத்தில் எத்தனை நாள் அப்படி என்று சொன்னால் போதும்.

விழுக்காட்டுக் கணக்கும் மேல்முறையீடும்

பாதிப்பின் அளவு பத்துப் பத்தாக 100 விழுக்காடுவரை மதிப்பிடப்படுகிறது. இங்கே 50ஐயும் 30ஐயும் கூட்டினால் 80 வராது. முதலில் 50 விழுக்காடு பாதிப்பு, எஞ்சிய 50இல் 30 விழுக்காடு என்பது 15, ஆக 65. இது 70ஆக முழுமையாக்கப்படும். இக்கணக்கு தெரியாமல் ஏமாற்றப்பட்டதாக வருந்துவோர் பலர்.

கோரிக்கை மறுக்கப்பட்டால் மூன்று வழிகள் உண்டு. 2019 பிப்ரவரி முதல் நடப்பிலுள்ள முறைப்படி, புதிய சான்றோடு துணைக் கோரிக்கை வைக்கலாம். அதே சான்றுகளை மூத்த அதிகாரி ஒருவர் மறுபடி பார்க்கக் கேட்கலாம். அல்லது மேல்முறையீட்டு வாரியத்தை நாடலாம். ஓராண்டுக்குள் செயல்படுவது முக்கியம். மறுப்புக் கடிதத்தில் எந்தத் தூண் சாய்ந்தது என்று பார்த்து, அதற்கேற்ற வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அங்கீகாரம் பெற்ற படைவீரர் சங்கங்கள் இவ்வுதவிகளை இலவசமாகவே செய்கின்றன. முதல் விண்ணப்பத்தைத் தயாரித்து அனுப்புவதற்குக் கட்டணம் வாங்கச் சட்டம் இடந்தரவில்லை.

நமக்கு என்ன?

வேற்று நாட்டுப் படைவீரர் கதை நமக்கெதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நம் நாட்டிலும் வேலையிடத்தில் காயமுற்ற தொழிலாளர் சொக்சோவின் மருத்துவ வாரியத்தின்முன் நிற்கிறார். அங்கே சட்டம் வேறு, படிவம் வேறு. ஆனால், தனக்கு நேர்ந்ததைச் சொல்லத் தெரியாமல் நிற்கும் மனிதர் எங்கும் ஒருவரே. அவருக்காக எழுதும் இடத்தில் நாளை நீங்கள் இருப்பீர்கள். மருத்துவம், தாதிமை, சட்டம், சமூகப்பணி பயிலும் கழகத் தோழர்கள் பலர் இதைப் படிப்பீர்கள் என்றறிவேன்.

என்ன நேர்ந்தது, அதிலிருந்து என்ன விளைந்தது, எவ்வாறு விளைந்தது. இம்மூன்றையும் மயக்கமின்றி எழுதப் பழகுங்கள். குறிப்பாக, ‘எவ்வாறு’ என்பதை விட்டுவிடாதீர்கள். நீங்கள் எழுதும் அந்த ஒரு வரியை நம்பி, வலியோடு ஒருவர் காத்துக்கொண்டிருப்பார்.