மறுநாள் காலை மண்டைவலி

வெள்ளி இரவுக் கொண்டாட்டம் முடிந்து நாவலூர் ஐ.டி. பக்கம் சனிக்கிழமை விடியும்போது பலருக்கும் தலை பிளக்கிறது. போதை உச்சத்தில் இருக்கும்போது இந்த வலி தெரியாது. ரத்தத்தில் ஏறிய ஆல்கஹால் ஏறக்குறைய வடிந்த பிறகே தொடங்கும். குனிந்து செருப்பு மாட்டினால்கூட இரண்டு நெற்றிப்பொட்டும் விண்விண்ணென்று தெறிக்கும்.

கல்லீரல் ஆல்கஹாலை முதலில் அசிடால்டிஹைடு என்ற நச்சாக மாற்றுகிறது. பிறகுதான் அதைத் தீங்கற்ற அசிட்டேட்டாக்குகிறது. அதன் வேகம் மணிக்குச் சுமார் 10 மில்லி ஆல்கஹால். டாஸ்மாக் குவார்ட்டர் 180 மில்லி, அதில் 42.8 சதவீதம், அதாவது 77 மில்லி ஆல்கஹால். இரவு பதினொரு மணிக்கு முடித்த குவார்ட்டர் காலையிலும் உடம்பில் இருக்கும். காபி, குளியல் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது.

உடம்பில் தண்ணீர் வற்றுவதுதான் காரணம் என்பது பாதி உண்மை. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோப்ரெசின் ஹார்மோனை ஆல்கஹால் அடக்குவதால் உடல் வறள்கிறது. மோரும் தண்ணீரும் அதற்கு உதவும். ஆனால் நிறையத் தண்ணீர் குடித்தவருக்கும் வலிக்கிறதே! நோய் எதிர்ப்பு மண்டலம் கிளப்பும் அழற்சிக்கும், கெட்டுப்போன தூக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. வழக்கமாக அதிகம் குடிப்பவர்கள் வலிக்குப் பாராசிட்டமால் போடுவது கல்லீரலுக்கு ஆபத்து.

இந்த வலி பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். அடங்காத இன்னொன்று இருக்கிறது. 2023 மே மாதம் நாவலூர் இருக்கும் இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் சித்தாமூர் பக்கமும், விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் மெத்தனால் கலந்த விஷச் சாராயம் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் அதே மெத்தனால் சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள்.

மெத்தனாலைக் கல்லீரல் ஃபார்மிக் அமிலமாக்குகிறது. அது பார்வை நரம்பைத் தாக்கும், ரத்தத்தை அமிலமாக்கும். கொடுமை என்னவென்றால், அறிகுறிகள் வர 12 முதல் 24 மணி நேரம்கூட ஆகலாம். தலைவலியும் வாந்தியுமாகத் தொடங்குவதால், 'போதை தெளியட்டும், தூங்கட்டும்' என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த நேரத்தில்தான் கண்ணும் உயிரும் பறிபோகின்றன. சீக்கிரம் மருத்துவமனைக்கு வந்தால், மெத்தனால் அமிலமாவதைத் தடுக்கும் ஃபோமெபிசோல் மருந்தும் டயாலிசிஸும் காப்பாற்றும்.

குடித்தவருக்குக் கண் மங்கினாலோ, பனி மூடியதுபோல் தெரிந்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே 108ஐ அழையுங்கள். என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். கூடக் குடித்தவர்கள் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் அவர்களையும் அழைத்துப் போங்கள்.