மாதிரிக் கப்பலுக்குப் புதுப் பாய்கள்

காற்று நுழையாத கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் மாதிரிக் கப்பலுக்குப் பாய் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கப்பல் எதைச் சுமந்தது என்பதை அதன் உடல் சொல்லும். எதனால் ஓடியது என்பதைப் பாய்தான் சொல்லவேண்டும்.

நான் பணியாற்றிய பள்ளியொன்றின் பூகோள அறையில் ‘கட்டி சார்க்’ என்னும் கப்பலின் மாதிரி ஒன்று இருந்தது. 1869-இல் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் கட்டப்பெற்று, சீனத்துத் தேயிலையை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்ற கப்பல் அது. இன்று லண்டனின் கிரீனிச்சில் காட்சிக்கு நிற்கிறது. மாதிரியின் பிளாஸ்டிக் பாய்கள் வெயில் பட்டுப் பழுத்து வெடித்துவிட்டன. பரணுக்குப் போகவிருந்த அதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஓய்வுபெற்றவனுக்கு வேலை வேண்டுமல்லவா?

முதலில் கணக்கு. மாதிரியின் அளவு 96-இல் ஒன்று. நீளம் 96 மடங்கு குறைந்தால் பரப்பு 9,216 மடங்கு குறையும். உண்மைக் கப்பலின் பாய்ப்பரப்பு 32,000 சதுர அடி. மாதிரிக்கோ சுமார் மூன்றரைச் சதுர அடித் துணி போதும். ஆனால் கனத்தை அவ்வாறு குறைக்க இயலாது. 0.1 மில்லிமீட்டர் கனமுள்ள காகிதமும் அந்த அளவில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் பலகையாகிவிடும்! ஆகையால் கிடைப்பவற்றுள் மிக மெல்லிய மல் துணியையே தேர்ந்தெடுக்கவேண்டும்.

துணியை வெந்நீரில் அலசிக் கஞ்சி போக்குங்கள். சுருங்குவதும் அப்போதே சுருங்கிவிடும். பிறகு தேயிலை வடிநீரில் சற்றுநேரம் ஊறவைத்தால் பளிச்சென்ற வெண்மை மங்கி, பழந்துணியின் நிறம் வரும். தேயிலைக் கப்பலுக்கு இது பொருத்தமான சாயந்தானே! உலர்ந்தபின் இஸ்திரி போட்டு, நீர்த்த வெள்ளைப் பசையை மெல்லத் தடவிக் காயவிடுங்கள். வெட்டும்போது நூல் பிரியாது.

பழைய பாயைத் தட்டையாக்கி அளவெடுப்பது தவறு. அது வளைந்த பொருள். பாய்மரத்தின் குறுக்கே கிடக்கும் பருமல்களை அளந்து, காகிதத்தில் வெட்டிக் கட்டிப் பார்த்தபின் துணியில் கை வையுங்கள். துணியின் இழை நேர்குத்தாக நிற்கவேண்டும். சாய்வாக வெட்டினால் இழுபட்டுத் தொங்கும்.

பிரிட்டிஷ் கப்பல்களின் பாய்கள் 24 அங்குல அகலத் துணிகளை அடுத்தடுத்துத் தைத்து ஆக்கியவை. மாதிரியில் அது கால் அங்குலம். அந்தத் தையல்களை உண்மையிலேயே தைக்க ஆசைப்படுவோர் உண்டு. ஒரு மில்லிமீட்டர்த் தையல் உண்மைக் கப்பலில் நான்கு அங்குலத் தையலாகிவிடும் என்பதை அவர்கள் நினைப்பதில்லை. கூரிய பென்சிலால் கால் அங்குலத்துக்கு ஒரு மெல்லிய கோடு இழுத்தால் போதும். சதுரப் பாயில் கோடுகள் மேலிருந்து கீழாக வரும். முக்கோணப் பாயில் பின்விளிம்புக்கு இணையாகச் செல்லும். விளிம்பை மடித்துத் தைக்கவும் வேண்டாம். ஓரத்தில் ஒரு நூலைப் பசையிட்டு ஒட்டுங்கள். கப்பலில் அதுவே விளிம்புக் கயிறு. சதுரப் பாய்க்கு அது பின்புறத்தில் இருக்கும்.

கீழ்ப் பாயிலிருந்து தொடங்காமல் உச்சியிலிருந்து கட்டிக்கொண்டு வந்தால் விரல் நுழைய இடமிருக்கும் என்பது என் கருத்து. கட்டியபின் நீர்த்த பசையால் ஈரமாக்கி, பின்புறம் பஞ்சு வைத்துப் புடைக்கச் செய்து உலரவிடுங்கள். பஞ்சு ஒட்டாதிருக்க இடையில் மெழுகுத்தாள் வையுங்கள்.

கடைசியாகக் கொடி. பாய்கள் முன்னோக்கிப் புடைத்திருக்க, கொடி பின்னோக்கிப் பறக்கும் மாதிரிகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரே காற்று இரு திசையில் எப்படி வீசும்? பின்காற்றில் ஓடும் கப்பலில் கொடியும் முன்னோக்கியே பறக்கும், அப்படியே ஒட்டுங்கள்.