மூணு குண்டா... நாலு குண்டா?

நேற்று ஃபர்ஸ்ட் ஹவர் லெக்சரர் என்ன கலர் டிரெஸ்ல வந்தார்? பக்கத்து பெஞ்ச்சைக் கேட்டுப் பாருங்க. நீங்க ஒரு கலர் சொல்வீங்க, அவர் இன்னொரு கலர் சொல்வார். ரெண்டு பேருமே சூடம் அடிச்சு சத்தியம் பண்ணத் தயாரா இருப்பீங்க!

சட்டைக் கலர்னா சிரிச்சுட்டுப் போயிடலாம். அதுவே ஒரு ஜனாதிபதியின் கொலையாக இருந்தால்?

1963, நவம்பர் 22. அமெரிக்காவின் டல்லாஸ் நகரம். மதியம் 12.30 மணி. திறந்த காரில் கையசைத்தபடி வருகிறார் ஜனாதிபதி ஜான் எஃப். கென்னடி. பக்கத்தில் மனைவி ஜாக்குலின். அவர்களுக்கு முன்னால் டெக்சாஸ் கவர்னர் ஜான் கானலியும் அவர் மனைவி நெல்லியும். டீலி பிளாசா என்ற இடத்தில் கார் திரும்பியதும்... டுமீல்! சில விநாடிகள்தான். கென்னடி உயிரிழந்தார். கானலி படுகாயத்தோடு பிழைத்தார்.

பட்டப்பகல். ரோடு ஓரமெல்லாம் கூட்டம். நேரில் பார்த்த சாட்சிக்கா பஞ்சம்? அங்கேதான் குழப்பமே ஆரம்பம்!

காது சொன்ன கதை

1970-களில் மறுபடி விசாரித்த நாடாளுமன்றக் குழு, 178 பேரின் சாட்சியங்களை அலசியது. 132 பேர் மூன்று முறை வெடித்தது என்றார்கள். சரி, எங்கிருந்து? 49 பேர் புத்தகக் கிடங்குக் கட்டடத்தைக் கை காட்டினார்கள். 21 பேர், புல்மேட்டுப் பக்கம் என்றார்கள். 30 பேர் வேறு இடங்களைச் சொன்னார்கள். மீதி 78 பேரால் திசையே சொல்ல முடியவில்லை.

இவர்கள் யாரும் பொய்யர்கள் இல்லை பாஸ்! சுற்றிலும் கட்டடங்கள், எதிரொலி. போதாததற்கு, ரைஃபிள் குண்டு ஒலியைவிட வேகமாகப் பறக்கும். அது கிழித்துப் போகும் சத்தம் தனி, துப்பாக்கி வெடிக்கும் சத்தம் தனி. காது ஏமாறத்தான் செய்யும்.

கண் மட்டும் ஒழுங்கா?

ஹோவர்ட் பிரென்னன் என்பவர் கிடங்குக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ஆறாவது மாடி ஜன்னலில் ஒருவன் நின்றுகொண்டு சுட்டதைப் பார்த்ததாகச் சொன்னார். ஆனால், அந்த ஜன்னலின் கீழ்ப்பகுதி மட்டும்தான் திறந்திருந்தது. 'உட்கார்ந்தோ மண்டியிட்டோதான் சுட்டிருக்க வேண்டும்' என்றது 1964-ல் அறிக்கை தந்த வாரன் கமிஷன். அதைவிட முக்கியம்... அன்று இரவு அடையாள அணிவகுப்பில் லீ ஹார்வி ஆஸ்வால்டை 'இவன்தான்' என்று பிரென்னன் உறுதியாகச் சொல்லவில்லை. 'குடும்பத்துக்கு ஆபத்து வருமோனு பயந்தேன்' என்று பிறகு விளக்கினார். அணிவகுப்புக்கு முன்பே டி.வி-யில் ஆஸ்வால்டின் முகத்தைப் பார்த்துவிட்டவர் அவர். ஜன்னல் முகம் எது, டி.வி. முகம் எது? பிரிச்சுச் சொல்வது யார்?

குண்டு பேசுமா?

ஆறாவது மாடியில் ஒரு ரைஃபிள், மூன்று காலித் தோட்டாக்கள். ரைஃபிள் ஆஸ்வால்ட் பொய்ப் பெயரில் தபாலில் வாங்கியது. மருத்துவமனை ஸ்ட்ரெச்சரில் கிடைத்த குண்டும் அதிலிருந்து வந்ததே. கேஸ் முடிஞ்சதா? ம்ஹூம்!

ஆபிரகாம் ஜப்ருடர் என்ற வியாபாரி, சம்பவத்தைத் தற்செயலாக மூவி கேமராவில் பிடித்திருந்தார். ஓடும் நேரம் சுமார் 26 விநாடி. அதில் கென்னடியும் கானலியும் அடிபடுவதற்கு நடுவே அதிக இடைவெளி இல்லை. அந்த ரைஃபிளை மறுபடி லோடு செய்து சுட, குறைந்தது 2.3 விநாடி வேண்டும். அப்படியானால் ஒரே குண்டு இருவரையும் துளைத்திருக்க வேண்டும். இல்லையென்றால், இரண்டாவதாக ஒருவன் சுட்டிருக்க வேண்டும்!

ஒரே குண்டுதான் என்றது கமிஷன். கானலி ஒப்புக்கொள்ளவே இல்லை. 'முதல் வெடியைக் காதால் கேட்டேன், திரும்பினேன், அப்புறம்தான் என் மேல் பட்டது' என்பது அவர் கட்சி. முதல் குண்டு யார் மேலும் படாமல் போயிருந்தால் அவர் சொன்னதும் சரி, ஒரே குண்டுக் கணக்கும் சரி. ஆனால் நெல்லியோ, முதல் குண்டே கென்னடியைத் தாக்கியது என்றார். உடம்பில் குண்டு வாங்கியவரையும் பக்கத்தில் இருந்தவரையும் எப்படித் தள்ளுவது?

தடயமும் மனுஷன் கை பட்டதுதான். உயிரைக் காப்பாற்றப் போராடிய டாக்டர்கள், கென்னடியின் தொண்டைக் காயத்தின் மேலேயே கீறி சுவாசக் குழாய் வைத்தார்கள். பிரேதப் பரிசோதனை செய்தவர்களுக்கு அங்கே குண்டுக் காயம் இருந்ததே மறுநாள்தான் தெரிந்தது!

போலீஸ் வயர்லெஸ் பதிவை நம்பி, 'நாலாவது குண்டு உண்டு, சதி இருந்திருக்கலாம்' என்றது நாடாளுமன்றக் குழு. 1982-ல் விஞ்ஞானிகள் குழு ஒன்று அதே பதிவைக் குடைந்து, 'அந்தச் சத்தம் கொலை நடந்து ஒரு நிமிஷம் கழித்து வந்தது' என்று கவிழ்த்துவிட்டது.

2023-ல் இன்னொரு திருப்பம். அன்று பாதுகாப்புப் பணியில் இருந்த பால் லாண்டிஸ், 'அந்தக் குண்டை காரில் கண்டெடுத்து ஸ்ட்ரெச்சரில் வைத்ததே நான்தான்' என்றார். 1963-ல் அவர் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் அது இல்லை. 60 வருஷம் மனசில் கிடந்த உண்மையா? 60 வருஷத்தில் மனசு செய்த கதையா?

மனசு கதை செய்யும் என்பதற்கு ஆதாரம் உண்டு. 1974-ல் எலிசபெத் லோஃப்டஸ் என்ற உளவியலாளர், மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படம் காட்டினார். 'மோதி நொறுங்கியபோது என்ன வேகம்?' என்று சிலரையும், 'இடித்தபோது என்ன வேகம்?' என்று சிலரையும் கேட்டார். ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லவே இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னவர்கள், 'நொறுங்கிய' கோஷ்டியில்தான் அதிகம். ஒரே ஒரு வார்த்தை செய்த வேலை!

இதையெல்லாம் கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்து சலித்திருக்கலாம். அதற்கு வாய்ப்பே இல்லாமல், இரண்டே நாளில் போலீஸ் காவலிலேயே ஆஸ்வால்டை ஜாக் ரூபி சுட்டுக் கொன்றான். டி.வி. கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தபோதே! தீர்ப்பு எழுதப்படாத கேஸ். அதனால்தான் சண்டை இன்னும் ஓயவில்லை.

நாளைக்கு உங்க கண் முன்னால ஒரு விபத்தோ அடிதடியோ நடந்தா, ஃப்ரெண்ட்ஸோட பேசுறதுக்கு முன்னாடி, பார்த்ததை மட்டும் பேப்பர்ல எழுதி வைங்க. பார்க்காததுக்கு நேரே 'தெரியாது'னு போடுங்க. அந்த ஒரு வார்த்தை, யாரோ ஒருத்தரோட கழுத்தைக் காப்பாத்தலாம்.

அது சரி... லெக்சரர் சட்டை என்ன கலர்?