கைப்பிடியைக் கழற்றிய வாரியம்

தெருவிலுள்ள அடிகுழாய் ஒன்றின் கைப்பிடியைக் கழற்ற எவ்வளவு நேரம் பிடிக்கும்? பழகிய கையாக இருந்தால் சில நிமிடங்களே போதும். 1854ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் லண்டன் மாநகரில் பிராட் தெரு என்னும் இடத்தில் அப்படி ஒரு கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்குக் காரணமானவர் ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் என்று நூல்கள் கூறும். அது உண்மையே. ஆனால் ஸ்னோவுக்கு அந்தக் குழாயைத் தொடும் அதிகாரம் இல்லை. அதிகாரம் இருந்தது ஓர் உள்ளூர் வாரியத்திடம். மருத்துவ உலகமே ஒரு முடிவுக்கு வராதிருந்த வேளையில், விஞ்ஞானிகள் அல்லாத சிலர் கூடி எவ்வாறு ஒரு முடிவுக்கு வந்தனர்? வரலாற்று நூல்கள் ஸ்னோவைப் பற்றி நிறைய எழுதிவிட்டன. வாரியத்தைப் பற்றி எழுதியது குறைவு. அந்தப் பக்கத்தை நாம் சிறிது பார்ப்போம்.

அன்றைய லண்டன் ஒரே நகராட்சியின் கீழ் இருந்த ஊர் அன்று. பல 'பங்கு'களாக அது பிரிந்து கிடந்தது. மாதா கோயிலை நடுவாக வைத்துப் பிரித்த இந்தப் பங்குகளே உள்ளாட்சியின் அலகுகளாகவும் இருந்தன. பிராட் தெரு புனித ஜேம்ஸ் பங்கைச் சேர்ந்தது. அங்கு ஏழையர் காப்பாளர் வாரியம் என்று ஒன்று இருந்தது. இத்தகைய வாரியங்களின் முதல் வேலை ஏழைகளைப் பார்த்துக்கொள்வது. வீட்டுக்காரர்களிடம் ஏழையர் வரி தண்டப்படும். அந்தப் பணத்தைக் கொண்டு வேலையற்றவர்களுக்கும் முதியோர்க்கும் அநாதைக் குழந்தைகளுக்கும் ஏழையர் விடுதி நடத்தவேண்டும். நோயுற்ற ஏழைகளைப் பார்க்க மருத்துவரை அமர்த்தவேண்டும். 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அம்மை குத்தவும் ஏற்பாடு செய்யவேண்டும். காலரா பரவும் காலத்தில் தெருக்களின் சுகாதாரத்தைக் கவனிக்கும் பொறுப்பும் அவ்வாரியங்களின் தலைமேல் சுமத்தப்பட்டது. சமூக நலமும் பொதுச் சுகாதாரமும் ஒரே மேசைமேல் வந்து சேர்ந்தது தற்செயலன்று. சம்பாதிப்பவர் நோயில் இறந்தால் அவருடைய மனைவி மக்கள் ஏழையர் விடுதிக்குத்தானே வரவேண்டும்? நோய் பரவினால் வரி உயரும் என்பதை எட்வின் சாட்விக் என்பவர் 1842ஆம் ஆண்டு அறிக்கையிலேயே எடுத்துக் காட்டியிருந்தார்.

இதே சாட்விக்கின் கதையில் நமக்கு ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. நாற்றமே நோய்க்குக் காரணம் என்று அவர் உறுதியாக நம்பினார். அழுகிய பொருள்களிலிருந்து எழும் கெட்ட காற்றை மூச்சில் இழுப்பதால் காலரா வருகிறது என்பதே அக்காலத்துப் பெரும்பாலோர் கொள்கை. ஆகவே அவர் முன்னின்ற சாக்கடை ஆணையம் லண்டன் சாக்கடைகளை முழு மூச்சாகக் கழுவித் தேம்ஸ் ஆற்றில் விட்டது. தெருக்களில் நாற்றம் குறைந்தது. ஆனால் லண்டன் மக்களில் பெரும்பகுதியினர் குடித்ததும் அதே ஆற்று நீரைத்தான்! 1848-49ஆம் ஆண்டுகளின் காலராவில் லண்டனில் 14,000 பேருக்கு மேல் இறந்தனர். ஊக்கம் மிகுந்த ஓர் ஆணையம், எதைச் சரிபார்ப்பது என்று அறியாமல் வேலை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியவில்லை.

இனிப் பிராட் தெருவுக்கு வருவோம். 1854 ஆகஸ்டு 31ஆம் நாள் இரவு அங்கே காலரா வெடித்தது. முதல் மூன்று நாட்களில் மட்டும் 127 பேர் மாண்டனர். முடிவில் இந்த எண்ணிக்கை 600ஐத் தாண்டியது. சில நூறு அடி தொலைவுக்குள் நடந்த சாவுகள் இவை. வீடுகளைப் பூட்டிக்கொண்டு மக்கள் ஓடினர்.

பக்கத்துத் தெருக்களில் வசித்துவந்த ஸ்னோ குழாய் நீரின்மேல் ஐயம் கொண்டார். காலரா வாய்வழியே உட்செல்லும் நஞ்சால் வருகிறது என்று 1849ஆம் ஆண்டிலேயே அவர் எழுதியிருந்தார். நீரை எடுத்துச் சோதித்தார். உறுதியாகச் சொல்லும்படி எதுவும் அகப்படவில்லை. சொல்லப்போனால் பிராட் தெரு நீர் சுவைக்குப் பெயர் பெற்றது. தொலைவிலிருந்தும் ஆள் அனுப்பி எடுத்துச் செல்வார்கள்.

இவ்விடத்தில் இயற்பியல் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். காலராக் கிருமியின் நீளம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் அதில் ஏறத்தாழ இரண்டு பங்கு. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் அதில் அரைப் பங்குதான். ஆகவே ஒளி நுண்ணோக்கியில் அக்கிருமியைக் காண்பதற்கு இயற்கை விதி எதுவும் தடையாக இல்லை. உண்மையில் அதே 1854ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு பிளாரன்சு நகரில் பச்சீனி என்பவர் அதைக் கண்டு எழுதியும் விட்டார். உலகம் அவரைக் கவனிக்கவில்லை. ராபர்ட் கோக் எகிப்திலும் பிறகு கல்கத்தாவிலும் ஆராய்ந்து 1884ஆம் ஆண்டில் நிலைநாட்டும் வரை கிருமி ஊர் அறியாத பொருளாகவே இருந்தது.

கிருமியைக் காட்ட இயலாத ஸ்னோ என்ன செய்தார்? சாவுகளை எண்ணினார். இங்கிலாந்தில் 1837ஆம் ஆண்டு முதலே இறப்புகளைப் பதிவு செய்யும் அலுவலகம் இயங்கிவந்தது. இறந்தவர் பெயர், வயது, நோய், முகவரி எல்லாம் ஏட்டில் ஏறும். அந்த ஏட்டிலிருந்து, நோய் வெடித்த முதல் மூன்று நாட்களில் பதிவான 83 சாவுகளின் பட்டியலை ஸ்னோ பெற்றார். ஒவ்வொரு வீடாகச் சென்றார். 73 பேர் வீடுகள் பிராட் தெருக் குழாய்க்கே பக்கமாக இருந்தன. அவர்களில் 61 பேர் அந்த நீரைக் குடித்தவர்கள் என்று வீட்டார் கூறினர். மற்றக் குழாய்களுக்குப் பக்கமாக வாழ்ந்த 10 பேரில் ஐந்து குடும்பத்தினர், பிராட் தெரு நீரையே விரும்பித் தருவித்தவர்கள். மூவர், அக்குழாய்க்கு அருகிலுள்ள பள்ளிக்குச் சென்ற பிள்ளைகள்.

இதைவிடச் சுவையான சான்று ஒன்று வாரியத்தின் சொந்த வீட்டிலேயே இருந்தது. பங்கின் ஏழையர் விடுதி பக்கத்துப் போலந்து தெருவில் இருந்தது. அதைச் சுற்றிலும் காலரா வீடுகள். உள்ளே 535 பேர்; பெரும்பாலும் நலிந்தவர்கள், முதியவர்கள். அங்கே காலராவால் இறந்தவர்கள் 5 பேர் மட்டுமே. சுற்றுத் தெருக்களின் கணக்குப்படி 100 பேருக்கு மேல் இறந்திருக்கவேண்டும். விடுதிக்குத் தனிக் கிணறும் குழாய்க் கம்பெனி நீரும் இருந்தன; பிராட் தெருவுக்கு அவர்கள் ஆள் அனுப்பவில்லை. இப்போது கெட்ட காற்றுக் கொள்கையை இதோடு வைத்துப் பாருங்கள். வாயு பரவும் தன்மை உடையது. ஊதுவத்தியின் மணம் அடுத்த அறைக்குப் போவதை நாம் தடுக்க முடிவதில்லை. தெருவெல்லாம் நிறைந்த நச்சுக் காற்று விடுதியின் சுவரைக் கண்டதும் நின்றுவிடுமா? பிராட் தெருவிலேயே இருந்த பீர் ஆலையின் 70க்கு மேற்பட்ட தொழிலாளரில் ஒருவரும் சாகவில்லை. அவர்கள் குடித்தது ஆலையின் பீரை. மூச்சில் இழுத்ததோ தெருவார் இழுத்த அதே காற்றை.

செப்டம்பர் 7ஆம் நாள் வியாழக்கிழமை மாலை ஸ்னோ காப்பாளர் வாரியத்தின் முன் நின்று தம் கணக்குகளைச் சொன்னார். மறுநாள் கைப்பிடி கழற்றப்பட்டது.

வாரியத்தினர் ஸ்னோவின் கொள்கையை முழுவதும் ஒப்புக்கொண்டுதான் இதைச் செய்தனர் என்று எண்ணவேண்டியதில்லை. அவர்கள் இடத்தில் நாம் இருந்தாலும் ஒரு கணக்கைத்தான் போட்டிருப்போம். ஸ்னோ சொல்வது பொய்யாகி, குழாயும் மூடப்பட்டால் நட்டம் என்ன? மக்கள் அடுத்த தெருக் குழாய்க்குச் சிறிது தூரம் நடக்கவேண்டும். பிறகு கைப்பிடியை மறுபடி மாட்டிவிடலாம். ஸ்னோ சொல்வது மெய்யாகி, குழாயும் திறந்தே இருந்தால்? அந்த நட்டத்தை மாட்டிச் சரிசெய்ய முடியாது. இரு தவறுகளின் விலையும் ஒன்றல்ல. காரணம் முழுவதும் விளங்கிய பிறகே செயல்படுவேன் என்று ஆராய்ச்சிக்கூடத்தில் சொல்லலாம். பொதுமக்கள் நலத்தைக் கண்காணிக்கும் வாரியம் அப்படிச் சொல்லிக் காத்திருக்க முடியாது.

நேர்மையாகப் பேசினால், கைப்பிடி கழற்றப்படும் முன்பே நோய் தணியத் தொடங்கிவிட்டது. மக்களில் பலர் ஊரைவிட்டே போய்விட்டனர். ஸ்னோவே இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். அப்படியானால் வாரியத்தின் செயல் வீணா? இதற்கு விடை கிடைத்தது சில மாதங்கள் கழித்து.

புனித ஜேம்ஸ் பங்கின் ஆட்சிமன்றம் 1854 நவம்பரில் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அதில் ஸ்னோவும் இடம் பெற்றார். ஹென்றி வைட்ஹெட் என்ற இளம் குருவானவரும் இடம் பெற்றார். வைட்ஹெட் முதலில் ஸ்னோவின் கருத்தை மறுக்கவே புறப்பட்டார்! அத்தெரு மக்களை முகமறிந்து பழகியவர் அவர். சிலர் வீட்டுக்கு நான்கைந்து முறைகூடச் சென்றார். ஸ்னோ இறந்தவர்களைக் கேட்டறிந்தார்; வைட்ஹெட் பிழைத்தவர்களையும் கேட்டார். இதுவே முக்கியமான வேறுபாடு. முடிவு என்ன? குழாய் நீரைக் குடித்த 137 பேரில் 80 பேருக்கு நோய் கண்டிருந்தது. குடிக்காத ஏறத்தாழ 300 பேரில் 20 பேருக்கே கண்டிருந்தது. நூற்றுக்கு 58 எங்கே, 7 எங்கே! மறுக்க வந்தவர் மனம் மாறினார்.

பிறகு அவர் இறப்பு ஏட்டைப் புரட்டியபோது ஒரு வரி கண்ணில் பட்டது. குழாயை ஒட்டியிருந்த 40ஆம் எண் வீட்டில் ஐந்து மாதப் பெண் குழந்தை ஒன்று வயிற்றுப்போக்கால் செப்டம்பர் 2ஆம் நாள் இறந்திருந்தது. நோய் கண்டதோ ஊரில் காலரா வெடிப்பதற்கு முன்பே. தாயைக் கேட்டார். துணிகளை அலசிய நீரை வீட்டின் முன்புறத்து மலத்தொட்டியில் கொட்டியதாகச் சொன்னாள். 1855ஆம் ஆண்டில் தெருவைத் தோண்டிப் பார்த்தனர். மலத்தொட்டிக்கும் கிணற்றுக்கும் இடையே மூன்றடிகூட இல்லை. தொட்டியின் செங்கற்கள் பெயர்ந்து, கழிவு கிணற்றுப் பக்கம் கசிந்துகொண்டிருந்தது.

அக்குழந்தையின் தந்தைக்கும் காலரா கண்டது. எந்த நாளில்? செப்டம்பர் 8! அவர் பதினொரு நாட்கள் போராடி மாண்டார். அத்தனை நாட்களும் அவ்வீட்டுக் கழிவு அதே தொட்டிக்குள் சென்றது. அதே கிணற்றுக்குள் கசிந்தது. ஆனால் கிணற்றிலிருந்து நீர் எடுக்கக் கைப்பிடி இல்லை.

இதே வேளையில் நாடு முழுவதற்கும் பொறுப்பான பொதுச் சுகாதார வாரியம் என்ன செய்தது தெரியுமா? அதுவும் ஆராய்ந்தது. கிளெய்ஷர் என்னும் சிறந்த வானிலை அறிஞரைக் கொண்டு லண்டனின் வெப்பநிலை, காற்றழுத்தம், ஈரப்பதம் எல்லாவற்றையும் நுட்பமாக அளக்கச் செய்தது. அளவீட்டில் குறை கூற இடமில்லை. ஆனால் அளந்தது காற்றை. ஸ்னோவின் கருத்தை அந்த மைய வாரியம் ஏற்க மறுத்துவிட்டது. மாணவர்கள் செய்முறைத் தேர்வில் காட்டும் தசமப் புள்ளிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கிளெய்ஷர் அட்டவணைகள் நினைவுக்கு வருவதுண்டு.

பங்கு வாரியம் அன்று செய்ததைச் சட்டம் பிறகு நிலையான வேலையாக ஆக்கியது. 1855ஆம் ஆண்டுச் சட்டம் லண்டனின் ஒவ்வொரு பகுதி மன்றமும் ஒரு சுகாதார மருத்துவ அலுவலரை நியமித்தே தீரவேண்டும் என்றது. அவர் சாவுகளை எண்ணி, கிணறுகளையும் வீடுகளையும் பார்த்து, மன்றத்துக்கு அறிக்கை தரவேண்டும். மன்றம் அதைப் படித்து ஆவன செய்யவேண்டும். 1871ஆம் ஆண்டில் ஏழையர் சட்ட நிருவாகமும் பொதுச் சுகாதாரமும் இறப்புப் பதிவும் ஒன்றிணைக்கப்பட்டு உள்ளாட்சி வாரியம் என்ற பெயரில் மேற்பார்வைத் துறை ஒன்று உருவாயிற்று. 1919ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சகம் அமையும் வரை அது இயங்கியது.

இந்த ஏற்பாட்டின் சாயல் நம் ஊர்களிலும் உண்டு. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவில் அவ்வகையில் முதலாவது. குடிநீர், வடிகால், சுகாதார அலுவலர் ஆகியவற்றுக்கு உள்ளாட்சியைப் பொறுப்பாக்கியது அச்சட்டம். இன்று குழாயை மூட வேண்டிய நிலை வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. நீரில் குளோரின் கலக்கிறார்கள். கலந்த குளோரினில் ஒரு பகுதி வழியிலுள்ள அழுக்கோடும் கிருமிகளோடும் வினைபுரிந்து செலவாகிவிடும். எஞ்சி நிற்பது எவ்வளவு என்பதே கேள்வி. லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. இதைத் தெரிந்துகொள்ள ஒரு சிறு சோதனைக் குழாயும் சில துளி மருந்தும் போதும். நீர் மஞ்சளாக மாறும். மஞ்சளின் அடர்த்தியை வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டியதுதான். தொட்டிக்கு அடியில் எடுத்த நீர் நல்ல மஞ்சளாகவும், குழாய் வரிசையின் கடைசி வீட்டில் எடுத்த நீர் நிறமின்றியும் இருந்தால், இடையில் எங்கோ குழாயில் வெடிப்பு இருக்கக்கூடும். சாக்கடை உள்ளே புகக்கூடும். எனவே சோதனைக்கு நீர் எடுக்கவேண்டிய இடம் கடைசி வீடு. உங்கள் ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் இதற்கென ஒரு பதிவேடு இருக்கும். நீர் எந்த வீட்டில் எடுக்கப்பட்டது என்ற கட்டத்தை அதில் பார்த்துவிட்டு வாருங்கள்.