படகு எங்கே போனது? கம்ப்யூட்டர் சொல்லும்!

சுருக்குமடி வலையைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து வலையை இறக்குவார்கள். பிறகு அடிப்பக்கக் கயிற்றை இழுத்தால், பாட்டியின் சுருக்குப் பை போல வலை மூடிக்கொள்ளும். கூட்டம் மொத்தமும் உள்ளே. பின்னால் வரும் நாட்டுப்படகுக்காரருக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். தமிழக அரசு இதை 2000-ம் ஆண்டில் தடை செய்தது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 ஜனவரியில் வந்த இடைக்கால உத்தரவு, நிபந்தனைகளோடு அனுமதி தந்தது. கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு, அதாவது சுமார் 22 கிலோமீட்டருக்கு அப்பால்தான் பிடிக்கலாம். திங்கள், வியாழன் மட்டும். காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை. படகில் கண்காணிப்புக் கருவி எப்போதும் இயங்க வேண்டும்.

இடம், கிழமை, நேரம் மூன்றும் கம்ப்யூட்டருக்கு எளிதில் புரியும் விஷயங்கள். அது எப்படிச் சரிபார்க்கிறது என்று பார்ப்போம்.

கருவி என்ன அனுப்புகிறது?

படகில் உள்ள கருவியில் ஒரு ஜிபிஎஸ் சிப் இருக்கும். ஆரணியில் தறி பார்த்தவர்களுக்குப் பாவும் ஊடையும் தெரியும். கடலில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் அப்படித்தான். இரண்டும் சந்திக்கும் இடமே படகின் இருப்பிடம். இதோடு நேரம், வேகம், திசை ஆகியவையும் சாட்டிலைட் வழியாகக் கரையில் உள்ள சர்வருக்குப் போய்ச் சேரும்.

இதில் இரண்டு வகை உண்டு. ஏஐஎஸ் என்பது கப்பல்கள் மோதாமல் இருக்க வந்தது. அதன் சிக்னலை யாரும் பெறலாம். விஎம்எஸ் என்பது மீன்பிடிக் கண்காணிப்புக்கே உரியது. அதன் தகவல் பொதுவாக அரசுக்கு மட்டும் போகும். இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் இலவசமாகப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. எல்லை நெருங்கினால் எச்சரிக்கை, புயல் செய்தி, ஆபத்தில் உதவி கேட்கும் வசதி எல்லாம் இதில் உண்டு.

எல்லைக்கு உள்ளேயா, வெளியேயா?

தடை செய்யப்பட்ட பகுதி, பல புள்ளிகளை இணைத்த ஒரு மூடிய வடிவமாகச் சர்வரில் இருக்கும். படகு நிற்கும் புள்ளியிலிருந்து ஏதாவது ஒரு திசையில் நேர்கோடு போடுங்கள். அது எல்லைக்கோட்டை எத்தனை முறை வெட்டுகிறது என்று எண்ணுங்கள். ஒற்றைப்படை என்றால் படகு உள்ளே, இரட்டைப்படை என்றால் வெளியே. காகிதத்தில் நீங்களே வரைந்து பார்க்கலாம்.

படகு உள்ளே இருப்பதே குற்றம் ஆகிவிடாது. துறைமுகத்துக்குத் திரும்பும் படகும் அந்த வழியாகத்தான் வரும். எனவே வேகமும் பாதையும் முக்கியம். இழுவலை போட்ட படகு மணிக்கு 2 முதல் 4 கடல் மைல் வேகத்தில் மெதுவாகப் போகும். சுருக்குமடிப் படகு வட்டம் அடிக்கும். வீடு திரும்பும் படகு நேராகவும் வேகமாகவும் வரும்.

சிக்னல் நின்றுவிட்டால்?

குளோபல் ஃபிஷிங் வாட்ச் அமைப்பின் ஆய்வு ஒன்று 2024 ஜனவரியில் நேச்சர் இதழில் வெளியானது. உலகின் பெரிய மீன்பிடிக் கப்பல்களில் சுமார் 75 சதவீதம் பொதுவெளியில் தெரியாமலே இயங்குகின்றன என்றது அது. இவற்றைக் கண்டுபிடிக்க ரேடார் சாட்டிலைட் படங்கள் உதவின. மேகம் மூடினாலும், இரவானாலும் இரும்புக் கப்பல் ரேடாரில் பளிச்சென்று தெரியும். அதில் தெரிந்து, சிக்னல் பட்டியலில் இல்லாத கப்பல்தான் சந்தேகத்துக்கு உரியது. நம் ஊர் சிறு ஃபைபர் படகுகள் இதில் சரியாகத் தெரியாது.

நீங்களும் பார்க்கலாம்

கடல் இல்லாத ஊரில் இருந்தாலும் கவலை இல்லை.

1. பிரவுசரில் குளோபல் ஃபிஷிங் வாட்ச் என்று தேடி, அதன் வரைபடத்தைத் திறந்துகொள்ளுங்கள்.
2. மவுஸ் வீலைச் சுழற்றி வங்காள விரிகுடாவுக்கு வாருங்கள்.
3. கீழே உள்ள காலக்கோட்டை நகர்த்தித் தேதியை மாற்றுங்கள். மீன்பிடிப்பு நடந்திருக்கலாம் என்று கணித்த இடங்கள் ஒளிரும்.

தமிழகக் கரையோரம் குறைவாக ஒளிர்ந்தால், அங்கே படகே இல்லை என்று நினைக்க வேண்டாம். ஏஐஎஸ் இல்லாத படகுகள் இதில் வராது.

எது முடியாது?

கருவி இடத்தையும் நேரத்தையும் மட்டுமே சொல்லும். படகில் எந்த வலை இருந்தது, அதன் கண்ணி எவ்வளவு சிறியது என்று சொல்லாது. பேட்டரி தீர்ந்ததா, வேண்டுமென்றே அணைத்தார்களா என்பதும் அதற்குத் தெரியாது. சிக்னல் நின்றதை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றவாளி ஆக்கினால், நேர்மையான மீனவரும் மாட்டிக்கொள்வார். துறைமுகத்தில் வலையைப் பிரித்துப் பார்க்கும் அதிகாரி இன்னும் தேவை.

அதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையே உதாரணம். ஆழ்கடல் படகுகளைச் சரியாகக் கண்காணிக்கவில்லை, தண்டனைகளும் போதவில்லை என்று சொல்லி, 2015 ஜனவரி முதல் அந்நாட்டு மீனை ஐரோப்பிய ஒன்றியம் வாங்க மறுத்தது. 2016 ஜூனில்தான் தடை நீங்கியது.  தவறு செய்யாத படகுகளின் மீனும் அந்தத் தடையில் சிக்கியது.